கடைசித் தாளைப் புரட்டாதீர்கள்

புதியம்புத்தூர்
24.8.2025

அன்புத் தங்கை பாண்டிச்செல்விக்கு,

அண்ணன் தங்கப்பாண்டி எழுதுகிறேன். ஊரில் அம்மாவும் அப்பாவும் சுகம்; போன வாரம் தையல் யூனிட்டில் லீவு விட்டபோது ஊருக்குப் போய்ப் பார்த்து வந்தேன். மழைதான் இன்னும் முகம் காட்டவில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? ராத்திரி ஷிப்டு மாறிவிட்டதா?

நீ மில்லுக்குப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். போனை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளை அடைத்துப் போடுகிற இடத்துக்கு வேறு எப்படிப் பேசுவது? ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேச விடுகிறார்கள். அம்மா "சாப்பிட்டியாட்டி" என்று நாலு தடவை கேட்பதற்குள் அது முடிந்துவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் உன் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் ரேணுகாதேவியைப் பார்த்தேன். "எங்கலே என் பவுலரு?" என்றார். மில்லில் இருக்கிறாள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "நவம்பர் இருபத்து மூணு, ஞாயித்துக்கிழமை. கோவில்பட்டியில மாவட்டப் பொம்பளப்பிள்ளைக டீமுக்கு ஆள் எடுக்காவ. அவ வந்தா எடுத்துருவாவ. கூட்டிட்டு வரலைன்னா நீ என் மூஞ்சியில முழிக்காத."

நீ வர வேண்டும் செல்வி. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்குகிறது. உனக்குப் பார்க்க வழியில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய கதையை முதலிலிருந்தே சொல்லவா? தையல் யூனிட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சோறு ஆறிப் போனது தெரியவில்லை. 1977-இல் பெர்த் நகரில் முதல் டெஸ்ட். அப்போது நம் அம்மாகூடப் பிறக்கவில்லை. அந்தக் காலத்து நம் நாட்டு ஆட்டக்காரப் பெண்கள் முன்பதிவில்லாத பெட்டியில் மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பயணம் போவார்களாம். போன இடத்தில் தரையில் வரிசையாகப் படுப்பார்களாம். ஆண்கள் கிரிக்கெட் வாரியம் அவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெர்த்தில் தோற்றார்கள். தோற்ற பிறகு திரும்பவும் ஆடப் போனார்கள். அதுதான் எனக்கு நம்ப முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்,
தங்கப்பாண்டி


மில் விடுதி, வேடசந்தூர் பக்கம்
7.9.2025

அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. நான் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, அல்லது பழகிவிட்டது. ஒரு ஷிப்டு முழுக்க மெஷினுக்கு மெஷின் நடந்து, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கிறோம் என்று முத்துத்தாய் சொல்கிறாள். அவள் என் பக்கத்துப் பாய், சங்கரன்கோவில்காரி. நேராக நடந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கே போயிருப்போம் என்பாள்.

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தந்தார். எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான். பெயர் சொர்ணத்தாய், நம் விளாத்திகுளம் பக்கத்து ஆள். "உங்கண்ணன் அடைச்சுப் போடுத இடம்னு எழுதிருக்கான். நான் என்ன ஆடா மேய்க்கேன்?" என்று கேட்டார். போகும்போது, "பெர்த்து எங்கட்டி இருக்கு?" என்றும் கேட்டார்.

தரையில் வரிசையாகப் படுப்பார்கள் என்று நீ எழுதியதை அறையில் வாசித்தேன். நாங்கள் பதினாறு பேர், வரிசையாகத்தான் படுத்திருந்தோம். பிறகு கடைசிப் பாயிலிருந்து ஒருத்தி, "மேல வாசிட்டி" என்றாள்.

நவம்பர் 23-ஐச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று தெரிந்துகொள். சேரும்போது கார்டில் யார் போட்டோவை ஒட்டினோமோ அவர்கள் நேரில் வந்தால்தான் வெளியே விடுவார்கள். என் கார்டில் அப்பா, அம்மா. மூன்றாவது கட்டம் காலி. அன்றைக்கு உனக்கு ஏதோ மேட்ச் இருந்தது.

ஆகவே அப்பா வர வேண்டும். நீ பேசு. நான் கழிவுப் பஞ்சை நூலால் இறுகச் சுற்றிப் பந்து செய்திருக்கிறேன். சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னால் நூல் சுற்றுகிற கோனை நிறுத்தி வைத்து எறிந்து பழகுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
செல்வி


புதியம்புத்தூர்
21.9.2025

அன்புத் தங்கைக்கு,

ஊரில் எல்லோரும் நலம். அப்பா விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்கிறார். முகம் கொடுத்துப் பேச அவருக்கு நேரமில்லை. உன் வார்டனுக்கும் வணக்கம் சொல். பெர்த் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது.

மேலே எழுதுகிறேன். 2005 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அவர்கள். தோற்றோம். 2017 அரையிறுதி, இங்கிலாந்தில். மழையால் ஓவரைக் குறைத்துவிட்டார்கள். நம் பெண் ஒருத்தி ஆட்டமிழக்காமல் 171 எடுத்தாள். உலகத்தையே ஆண்ட அணி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. வென்றோம். அந்த ஆட்டத்தின் துணுக்கைப் போனில் பார்த்தேன் செல்வி. என் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. அவள் அடிக்கும் விதத்தைப் பார்த்தால் பந்து ஏதோ பரம்பரைப் பகையாளி என்றுதான் தோன்றும்.

அதற்கப்புறம் 2020, மெல்போர்ன். இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி. பார்க்க வந்தவர்கள் 86,174 பேர். பெண்கள் ஆடுவதைப் பார்க்க! கோவில்பட்டி ஊரே எழுந்து போய் உட்கார்ந்தது போல. தோற்றோம். 2022 காமன்வெல்த் இறுதி, ஒன்பது ரன்னில் தோற்றோம். 2023 இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதி, ஐந்தே ரன். அதில் நம் கேப்டன் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வரும்போது மட்டை தரையில் குத்தி நின்றுவிட்டது. ரன் அவுட். அதே வருஷக் கடைசியில் மும்பையில் டெஸ்ட், அவர்களை முதல்முறையாக டெஸ்டில் வென்றோம். முதல் ஆட்டத்திலிருந்து நாற்பத்தாறு வருஷம்!

நேற்று டெல்லியில் அவர்கள் 412 அடித்தார்கள். நாம் பயப்படாமல் 369 வரை துரத்தினோம். தோல்விதான். ஆனால் யூனிட்டில் ஒருத்தரும் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன்


மில் விடுதி
5.10.2025

அண்ணனுக்கு,

நான் நலம். போன வாரம் கைவிரலில் நூல் அறுத்துவிட்டது. பயப்படாதே, பந்து பிடிக்கிற விரல் இல்லை.

உன் கடிதத்தை இப்போது எங்கள் அறை மட்டும் கேட்பதில்லை. பக்கத்து மூன்று அறையும் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. மட்டை தரையில் குத்தி நின்ற இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். முத்துத்தாய் அழுதேவிட்டாள். "அஞ்சு ரன்னா? அஞ்சு ரன்னுக்கா மண்ணு காலப் புடிச்சு இழுத்துச்சு?" ஈரக் கரிசலில் நடந்தவளுக்குத் தெரியும், மண் எப்படிப் பிடிக்கும் என்று. கடைசிப் பாய்க்காரி மட்டும் கேட்டாள்: "இத்தன தடவ தோத்தும் ஏன் போறாளுவ?" மறுநாள் சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னால் என்னோடு பந்து எறிய எட்டுப் பேர் வந்தார்கள்.

அப்பா என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே.

செல்வி


புதியம்புத்தூர்
14.10.2025

தங்கைக்கு,

தோற்றுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை, விசாகப்பட்டினம். நாம் 330. அதுவரை யாரும் பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு துரத்தியதில்லை. அவர்கள் துரத்திவிட்டார்கள், மூன்று விக்கெட் மிச்சம் வைத்து. வயிறு எரிகிறது. ஆனாலும் கும்பிடத் தோன்றுகிறது.

இங்கே தீபாவளி ஆர்டர். பதினாறு மணி நேரம் தையல். கழுத்து திரும்பவில்லை. ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. மற்றது பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


மில் விடுதி
22.10.2025

அண்ணனுக்கு,

கழுத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் விடு.

முதலில் பொதுப் புகார். எழுபது பிள்ளைகள் கூடி உட்கார்ந்து நான் கடிதத்தை விரித்தால், முதல் வரியிலேயே தோற்றுவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். "உங்கண்ணனுக்குக் கத சொல்லத் தெரியலட்டி, மாலைய முதல்ல போட்டுட்டு அப்புறம் பொண்ணு பாக்கப் போறான்" என்று என்னைப் பிய்த்துவிட்டார்கள். இனி முடிவைக் கடைசித் தாளில் எழுது.

இனி என் புகார். சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குத் தீபாவளி லீவு கிடையாது. அதனால் போனில் அம்மாவோடு பத்து நிமிடம் பேச விட்டார்கள். "அப்பா இருபத்து மூணாந்தேதிக்கு என்னம்மா சொல்லுதாவ?" என்று கேட்டேன். "என்ன இருபத்து மூணு?" என்றாள்.

அம்மாவுக்கே தெரியவில்லை. இரண்டு மாதமாக எனக்கு ஐம்பது வருஷக் கதை எழுதுகிறாய். ஊருக்குப் போகும்போது ஐம்பது அடி தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற அப்பாவிடம் ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. ஏன்?

செல்வி


புதியம்புத்தூர்
31.10.2025

தங்கைக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும்,

எல்லோரும் நலமாக இருங்கள். கழுத்து சரியாகிவிட்டது. நேற்று அரையிறுதி. எதிரே யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வார்டன் அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம்: கடைசித் தாளைப் புரட்டாதீர்கள்.

முதல் தாள். 2017-இல் நம்மிடம் தோற்ற பிறகு ஐம்பது ஓவர் உலகக் கோப்பையில் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. எட்டு வருஷம். நேற்று முதலில் ஆடி 338. அவர்களில் ஒரு இளம் பெண் நூறு தாண்டினாள். எங்கள் யூனிட்டில் துணி வெட்டுகிற அழகிரிசாமி அண்ணாச்சி, "கடையக் கட்டுங்கலே, இது நம்மளுக்கு ஆவாது" என்று கத்திரியைக் கீழே வைத்தார். போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்தோம். பதினோரு பேர், ஒரு போன்.

இரண்டாவது தாள். நம்முடைய தொடக்கக்காரிகள் இருவரும் அறுபது ரன்னுக்குள் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவளைப் பற்றிக் கேளுங்கள். இதே உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்ததே ஆட்டம் தொடங்கச் சில நிமிடம் முன்னால்தானாம். அவளும் கேப்டனும் நின்றார்கள். அறுபது, நூறு, இருநூறு. யூனிட்டில் வேலை முடிந்தும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. கேப்டன் 89-இல் போனாள். மட்டை தரையில் குத்தியதே, அதே கேப்டன்தான். அண்ணாச்சி கத்திரியை மறுபடி எடுத்தார்.

மூன்றாவது தாள். அந்தப் பெண் 82-இல் இருக்கும்போது பந்து வானத்துக்குப் போனது. கீழே ஆஸ்திரேலியக் கேப்டன், உலகத்திலேயே நல்ல கை. எங்கள் பதினோரு பேருக்கும் மூச்சு நின்றது. விட்டுவிட்டாள்! நூறு அடித்தாள். மட்டையைத் தூக்கவில்லை, துள்ளவில்லை. வேலை இன்னும் முடியவில்லை என்பது போல நின்றாள். உடம்பு முழுக்கச் சேறு. நடக்கவே தள்ளாடினாள். பத்துப் பந்துக்கு மேல் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

இதற்கு மேல் கடைசித் தாள்.

*

வென்றோம்! ஒன்பது பந்து மிச்சம். ஐந்து விக்கெட் மிச்சம். 341. பெண்கள் ஆட்டத்தில் இதுவரை உலகத்தில் எவரும் இவ்வளவு துரத்தியதில்லை. அவள் 127, கடைசி வரை நின்றாள். முடிந்ததும் குழந்தை மாதிரி அழுதாள். அண்ணாச்சி தைத்து முடித்த சட்டை ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். ஐம்பது வருஷமாக முன்பதிவில்லாத பெட்டியில் வந்தவர்கள் எல்லோரும் அவள் பின்னால் நிற்பது போல இருந்தது.

செல்வி, இதற்குக் கீழே உனக்கு மட்டும்.

மே மாதம் மேலத்தெரு அணியோடு ஆட ஒரு ஆள் குறைந்தது. உன்னைக் கூப்பிட்டது நான். செண்பகராஜுக்கு நான்கு பந்து போட்டாய். நான்காவதில் நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு போனது. அவன் வீட்டு நிலத்தைத்தான் அப்பா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறார். "பொட்டப்பிள்ளைய விட்டு எங்க வீட்டுப் பையன அசிங்கப்படுத்துதியளாலே?" என்று அவன் ஆட்கள் உள்ளே வந்தார்கள். நான் கேப்டன். உன் கையிலிருந்து பந்தை வாங்கி மீதி இரண்டு பந்தை நானே போட்டேன். விதியில் அதற்கு இடமில்லை. ஒருத்தனும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அப்பா உன்னை மில்லுக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கு எனக்கு மேட்ச் எதுவும் இல்லை. எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் கேட்டால், "அன்னைக்கு நீ என்னலே செஞ்ச?" என்று கேட்பார். அதனால்தான் கேட்கவில்லை.

தங்கப்பாண்டி


மில் விடுதி
5.11.2025

அண்ணனுக்கு,

நான் சுகம். இங்கே நானூறு பேரும் சுகம். ஏன் நானூறு என்று கேள்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அறையில் இடம் பத்தாது என்று வார்டன் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொன்னார். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் தலையில் பஞ்சோடு அப்படியே உட்கார்ந்தார்கள். என் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. வார்டன் வாங்கி, தட்டு வைக்கிற மேசைமேல் ஏறி நின்று வாசித்தார்.

அந்தப் பந்து வானத்துக்குப் போனபோது நானூறு பேரும் மேலே பார்த்தார்கள் அண்ணே. மேலே ஒன்றுமில்லை, ஃபேன்தான் ஓடியது. எல்லோரும் பார்த்தார்கள். "விட்டுவிட்டாள்" என்றதும் எழுந்த சத்தத்தில் வாட்ச்மேன் தீ விபத்து என்று ஓடி வந்தார். கடைசித் தாளில் முதல் சொல்லை வார்டன் வாசிக்கவில்லை. தாளைத் திருப்பி எங்களிடம் காட்டினார். அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. நூல் அறுந்தால் சம்பளத்தில் பிடிக்கிற சூப்பர்வைசர்கூட வாசலில் நின்று கை தட்டினார்.

அடங்கிய பிறகு வார்டன் இன்னொன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் வெடிச்சத்தம் கேட்டதே, கல்யாணம் என்று எங்களிடம் சொன்னாரே, அது இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெயித்து உலகக் கோப்பை வாங்கியதற்காம். "அரையிறுதி ஜெயிச்சது எனக்கு வியாழக்கிழமையே தெரியும்ட்டி. போனுல பாத்தேன். அஞ்சு நாளா வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். பிரசவ வலியக்கூட நான் இப்பிடித் தாங்கல" என்றார்.

கடைசித் தாளின் கீழ்ப் பாதியை அவர் சத்தமாக வாசிக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்தார். இன்று காலையில் லீவுக்காகக் கேட்டேன். "எனக்கும் அனுப்பத்தான் ஆச. ஆனா கார்டுல உள்ள ஆளு வரணும். இல்லைன்னா என் வேல போயிரும்" என்றார்.

நீ எழுதியது எனக்குப் புதிதில்லை. பந்தை வாங்கியது என் கையிலிருந்துதானே. பஸ் ஸ்டாண்டு மட்டும் தெரியாது. என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அப்பாவிடம் லீவு கேள்.

இன்னும் பதினெட்டு நாள்.
செல்வி


புதியம்புத்தூர்
17.11.2025

அன்புத் தங்கைக்கு,

ஊரில் மழை பெய்து மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி. அப்பா சுகம்.

கேட்டேன். போன ஞாயிறு ஒரு தடவை, நேற்று ஒரு தடவை. இரண்டு தடவையும் களைவெட்டும் இடத்தில். போன ஞாயிறு அவர் பதிலே சொல்லாமல் அடுத்த நிரைக்குப் போய்விட்டார். நேற்று விடாமல் பின்னால் போனேன்.

"ஊரு சிரிச்சது பத்தாதாலே?" என்றார்.

"ஊரு சிரிக்கலப்பா. செண்பகராஜ் வீடுதான் மொறைச்சுது. நாம பயந்தோம்."

"நாமளா? பந்தப் புடுங்கினவன் நீதானலே?"

ஆமா என்றேன். "நான் போவ மாட்டேன். அவுக நெலத்த உழுதுக்கிட்டு அவுக பையன அவுட்டாக்குனவளுக்கு வண்டி கட்டச் சொல்லுதியா?" என்றார். களைவெட்டியை ஓங்கிக் கொத்திவிட்டு, யாரும் கேட்டார்களா என்று வரப்பைப் பார்த்தார். கோபமென்று நினைத்தேன். இல்லை, பயம். ஐம்பது வயதில் ஒரு மனுஷன் ஒரு பையனின் மூன்று குச்சிக்குப் பயப்பட வேண்டியிருக்கிற ஊர் இது.

அம்மா நாலு நிரை தள்ளி வெட்டிக்கொண்டிருந்தாள். உன் கடிதங்களை எல்லாம் நேற்றுக் காலையில்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன், என்னுடையதையும் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். அப்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஜெயிச்சவ ஏம்லே அழுதா?" இப்போது நிமிர்ந்து, "கார்டுல என் போட்டோவும் இருக்குல்லா?" என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா தனியாகப் போனதே இல்லை. நானும் வருகிறேன் என்றேன். "நீ வராத. அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகத் தெரிஞ்சவன்தான நீ. என் நெரைய வெட்டு, உங்கப்பனுக்குச் சோறு வடி" என்றாள். மதுரை, திண்டுக்கல், வேடசந்தூர் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாது; பஸ்ஸில் யாரிடமாவது காட்டுவாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வருவாள். ராத்திரி ரேணுகாதேவி டீச்சர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

நன்றாகத் தூங்கு.
அண்ணன்


மில் விடுதி
24.11.2025

அண்ணனுக்கு,

நீ சுகமா? அப்பாவுக்கு வடித்த சோறு குழைந்ததா? அம்மா இந்நேரம் வீடு வந்திருப்பாள். ஆனால் அவள் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கேட்டில் நின்றாள். வார்டன் கார்டில் உள்ள போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் ஆவுடைத்தாயா? தனியாவா வந்திய?" என்றார். "தொணைக்குச் சீட்டு இருந்துச்சு" என்று அம்மா உன் தாளைக் காட்டினாள். முத்துத்தாயும் அறைப் பிள்ளைகளும் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் போவதைப் பார்த்தார்கள்.

மைதானத்தில் நாற்பது பேர். பாதிப் பேருக்குச் சொந்த மட்டை, சொந்த ஷூ. எனக்கு டீச்சர் கொடுத்த ஷூ, ஒரு அளவு பெரிசு. முனையில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டேன். தோல் பந்து கைக்கு வந்ததும் கனத்தது. முதல் பந்து எங்கேயோ போனது. இரண்டாவது, அந்தப் பிள்ளை நான்குக்கு அடித்தாள். மூன்றாவது நல்ல பந்து. நான்காவதில் ஒரு குச்சி சாய்ந்தது. நான் சுற்றிப் பார்த்தேன் அண்ணே. யாரும் உள்ளே வரவில்லை. தேர்வாளர், "அடுத்த பால் போடும்மா" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு மூன்று ஓவர் கொடுத்தார்கள். மூன்றாவதிலும் மூச்சு வாங்கவில்லை. தினமும் பத்து மைல் நடத்துகிற மில்லுக்கு அதற்கு மட்டும் நன்றி. பதினைந்து பெயர் வாசித்தார்கள். பதின்மூன்றாவது நான்.

டிசம்பர் பத்து முதல் வெளியூர் ஆட்டங்கள், பன்னிரண்டு நாள். இன்று காலை அம்மா என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது ஆபீஸில் கேட்டோம். அவ்வளவு லீவு கிடையாது, நின்றால் நின்றதுதான், மூன்று வருஷம் முடித்தால் கொடுப்பதாகச் சொன்ன மொத்தப் பணமும் போய்விடும் என்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள், "எங்க கை நாட்டணும்?" என்றாள். முப்பதாம் தேதி வரை வேலை. அன்றைக்கும் அவளேதான் வருவாளாம். வழி தெரிந்துவிட்டதாம். அப்பா என்ன சொல்வார் என்று கேட்டேன். "அவிய சொல்லட்டும்" என்றாள்.

ஒன்று மட்டும் உனக்கு எழுதியே ஆக வேண்டும். நேற்று எட்டு மணியிலிருந்து அம்மா கோட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நிழலுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. என் பெயரை வாசித்த பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்த ஆஸ்திரேலியாக்காரிக அம்மாமாரும் இப்பிடித்தான் வெயில்ல உக்காந்திருப்பாவளா?"

"இருப்பாவம்மா."

"மொதல் ஆட்டத்துலருந்தா?"

"மொதல் ஆட்டத்துலருந்து."

முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"ரெண்டு நாட்டுத் தாய்மாரும் வந்து உக்காந்தா, இந்த மைதானம் பத்தாதுட்டி."

உன் தங்கை,
பாண்டிச்செல்வி